வெள்ளவத்தை ஸ்கான் நிலையம்: வயிற்றுப்பிள்ளைக்கு நீர்க்கட்டி என்றபோது எங்களுக்கு உதவிய இடம்

பிள்ளையின் வயிற்றில் ஏதோ கட்டி தெரிகிறது என்ற ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது இந்த நிலையம். என் மகள் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. வேறோர் இடத்தில் ஸ்கான் செய்துவிட்டு, "பிள்ளையின் வயிற்றில் தண்ணிக்கட்டி, டொக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எவ்வளவு பெரிது, எந்த உறுப்பில், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

இங்கே டொக்டர் முதலில் பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் வாங்கி வாசித்தார். பிறகு திரையை மகள் பக்கம் திருப்பி, ஒவ்வொன்றாகக் காட்டினார். இது இரைப்பை, இது சிறுநீர்ப்பை, இவை இரண்டு சிறுநீரகம். இரைப்பையும் சிறுநீர்ப்பையும் தண்ணீர் நிறைந்தவை என்பதால் ஸ்கானில் கறுப்பாகத்தான் தெரியுமாம். அவை போக, வலது அடிவயிற்றில் இன்னொரு கறுப்பு வட்டம். மகளை எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொன்னார். திரும்பிப் படுத்தபோது பிள்ளை சிறுநீர் கழித்துச் சிறுநீர்ப்பை சுருங்கியிருந்தது. அந்த வட்டம் அப்படியே இருந்தது. அப்போதுதான் அதை அளந்தார், 3.2 சென்ரிமீற்றர்.

அடுத்தது கலர் டொப்ளர், அதாவது இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் ஸ்கான். உள்ளே இரத்தம் ஓடவில்லை, ஆகவே வீங்கிய தொப்புள் நாளம் அல்ல. ஈரலுக்குக் கீழே பித்தக்குழாயோடு ஒட்டியும் இல்லை, ஆகவே பித்தக்குழாய்க் கட்டியும் அல்ல. குடலோடு சேர்ந்த கட்டி என்றால் சுவர் இரட்டைப் படையாகத் தடித்திருக்கும், சில வேளை அசைவும் தெரியும். இதன் சுவரோ மெல்லியது. உள்விளிம்பில் ஒட்டினாற்போல இன்னொரு குட்டிக் கட்டியைக் காட்டி, "இது சூலகக் கட்டிக்கு நல்ல அடையாளம் அம்மா" என்றார். சூலகம் என்றால் பெண்களுக்குக் கருமுட்டை உண்டாகும் உறுப்பு. பிள்ளை பெண். தாயிடமிருந்தும் நச்சுக்கொடியிலிருந்தும் வரும் ஹோர்மோன்கள் பிள்ளையின் சூலகத்தைத் தூண்டுவதால் இப்படி வருமாம். இருபதாம் வாரத்து ஸ்கானில் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் தெரியவரும் என்றார். அந்தப் பழைய ஸ்கான் செய்தவர் மேல் எனக்கிருந்த கோபம் அத்தோடு போயிற்று.

எனக்கு மிகவும் பிடித்தது, அவர் மூடி மறைக்கவில்லை. இப்படிப்பட்ட தெளிவான சிறிய கட்டிகள் பிள்ளை பிறந்து ஹோர்மோன் குறைந்ததும் சில மாதங்களில் தானாகச் சுருங்குவதுதான் வழமை என்றார். ஆனால் சூலகம் முறுகினாலோ உள்ளே இரத்தம் கசிந்தாலோ கட்டிக்குள் கலங்கலாகத் தெரியும், அதற்காகத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். 4 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் கூடுதல் கவனம். பிறந்த பிறகும் ஸ்கான் கட்டாயம். இதற்காகச் சிசேரியன் வேண்டுமா என்று மகள் கேட்டாள். இந்த அளவுக்குத் தேவையில்லை, முடிவை உங்கள் டொக்டர் எடுப்பார் என்றார். எல்லாம் நல்ல தமிழில், அவசரமில்லாமல்.

குறைகளும் உண்டு. நாலு மணிக்கு நம்பர் தந்து, ஆறு மணி தாண்டித்தான் கூப்பிட்டார்கள். அறைக்குள் ஒருவரை ஆறுதலாகப் பார்த்தால் வெளியே மற்றவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும், அதை ஏற்கிறேன். ஆனால் நிறைமாதக்காரிகள் சாய்ந்திருக்க நல்ல கதிரையாவது போடலாம். மேல்மாடிக்கு லிப்ட் இல்லை. ரிப்போர்ட் ஆங்கிலத்தில் மட்டும்தான். டொக்டர் சொன்னதில் பாதி வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிடுகிறது. தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கம் எழுதித் தந்தால் மருமகனுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் அதையே காட்டலாமே.

பேத்தி பிறந்துவிட்டாள். பிறந்த பிறகு எடுத்த ஸ்கானிலும் சூலகக் கட்டி என்றே சொன்னார்கள், இப்போது சுருங்கி வருகிறது. பொரளை லேடி ரிட்ஜ்வே ஆஸ்பத்திரி கிளினிக்கில் காட்டுகிறோம். இங்கே போகிறவர்கள் கர்ப்பிணி அட்டையையும் பழைய ஸ்கான் படங்களையும் மறக்காமல் கொண்டு போங்கள். கட்டி வளர்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு அவை வேண்டும்.