லக்சம்பர்க் வருமானத் தரவகம்: குழந்தைகள் கணக்குக்கு நம்பலாம், முதியோர் கணக்கில் நிதானம் தேவை

வளர்ந்த நாடுகளில் குழந்தைகளும் முதியோரும் எவ்வளவு ஏற்றத்தாழ்வோடு வாழ்கிறார்கள் என்று ஒப்பிட, 1983-இல் தொடங்கிய எல்.ஐ.எஸ். எனும் லக்சம்பர்க் வருமானத் தரவகத்தைவிட நல்ல இடம் இல்லை. 50-க்கும் மேற்பட்ட நாடுகளின் குடும்ப வருமானக் கணக்கெடுப்புகளை ஒரே வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இணையதளத்தில் உள்ள ‘முக்கிய எண்கள்’ அட்டவணையே பலருக்குப் போதும். ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு, இடைநிலை வருமானத்தில் (எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் நிற்பவரின் வருமானம்) 40, 50, 60 சதவீதத்துக்குக் கீழே வாழும் குழந்தைகள், முதியோர் விகிதம், தாய் மட்டுமே வளர்க்கும் குழந்தைகளின் நிலை எல்லாம் அதில் உண்டு.

சொந்தமாகக் கணக்கிட லிஸ்ஸி சேவை. மூலத் தரவு கைக்கு வராது. ஆர், ஸ்டேட்டா போன்ற புள்ளியியல் மென்பொருள்களில் எழுதிய நிரலை அனுப்பினால் விடை மட்டும் வரும். மாணவர்களுக்கு எந்த நாடானாலும் இலவசம்.

குழந்தை வறுமையைக் கணக்கிட, முதலில் வரி போக, உதவித்தொகை சேர்த்துக் கையில் நிற்கும் குடும்ப வருமானத்தை, உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். நால்வருக்கு 40,000 என்றால், நான்கின் வர்க்கமூலம் 2, ஆகத் தலைக்கு 20,000. பலர் சறுக்குவது அடுத்த படியில்தான். குழந்தைகளை மட்டும் பிரித்தெடுத்து இடைநிலையைக் கண்டால் வறுமைக் கோடே தாழ்ந்து, வறுமை குறைவாகத் தெரியும். கோடு மொத்த மக்களுக்கானது. பிறகு குடும்பத்தின் மாதிரி எடையை (கணக்கெடுப்பில் உள்ள அந்த வீடு நாட்டில் எத்தனை வீடுகளுக்குப் பிரதிநிதி என்ற எண்) குழந்தைகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். மறந்தால் நான்கு பிள்ளைகள் உள்ள வீடும் ஒரு பிள்ளை வீட்டளவுக்கே எண்ணப்படும். ஐரோப்பிய ஒன்றியப் புள்ளியியல் அமைப்பான யூரோஸ்டாட்டின் எண்ணோடு விடை பொருந்தாவிட்டால் பதற வேண்டாம். அங்கே முதல் பெரியவருக்கு 1, அடுத்தவருக்கு 0.5, 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 0.3 என்று வேறு அளவுகோல்.

ஒற்றை ஆண்டை வைத்து முடிவு கட்டவும் கூடாது. வரியையும் அரசு உதவிகளையும் கணக்கில் எடுக்கும் அமெரிக்காவின் துணை வறுமை அளவீட்டில் குழந்தை வறுமை 2021-இல் 5.2 சதவீதம், விரிவாக்கிய குழந்தை வரிச்சலுகை நின்றதும் 2022-இல் 12.4. ஒரு சட்டம் காலாவதியானதற்குக் குழந்தைகள் கொடுத்த விலை இது.

முதியோர் பக்கம்தான் இந்தத் தரவகத்தின் பலவீனம். வருமானத்தை அளக்கிறது, சொத்தை அல்ல. ஆஸ்திரேலியாவில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு ஓய்வுநிதியை மொத்தமாக எடுத்தவரும் ஏழையாகப் பதிவாகலாம். தென் கொரியாவில் முதியோரில் ஏறக்குறைய 10-க்கு 4 பேர் கோட்டுக்குக் கீழே. அதை அப்படித் தள்ளிவிட முடியாது. அங்கே தேசிய ஓய்வூதியம் தொடங்கியதே 1988-இல். பலருக்குச் சந்தா செலுத்திய ஆண்டுகள் போதவில்லை. முதியோர் இல்லங்களில் வாழ்வோர் பெரும்பாலான கணக்கெடுப்புகளில் வருவதே இல்லை.

ஆகவே முதியோருக்கு எல்.டபிள்யூ.எஸ். என்ற சொத்துத் தரவையும் சேர்த்து ஓட்டுங்கள். நாடுகள் குறைவு, ஆனாலும் வீட்டையும் கடனையும் காட்டும். பொருளாதாரம் சரிந்த ஆண்டுகளுக்குப் பழைய ஆண்டின் வறுமைக் கோட்டையே பணவீக்கம் கூட்டிப் பயன்படுத்துங்கள். இல்லையேல் ஊரார் வருமானம் விழுந்ததால் கோடு இறங்கி, ஓய்வூதியம் ஒரு காசு ஏறாமலே முதியோர் வறுமை குறைந்ததாகக் காட்டும்.