அகராதியில் இரண்டு வரி: ‘அச்சீவ்’ என்ற சொல்லை முன்வைத்து

மாணவர்களுக்கென வெளிவந்திருக்கும் ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்றைச் சென்ற மாதம் 395 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கெட்டி அட்டை, கண்ணை உறுத்தாத எழுத்து, விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளாத தையல் கட்டு ஆகிய மூன்றும் இந்த விலைக்குச் சேர்ந்து கிடைப்பது அரிது. புதிய அகராதி எது கைக்கு வந்தாலும் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது ‘அச்சீவ்’ (achieve) என்ற ஆங்கிலச் சொல்லைத்தான். பள்ளி ஆண்டுமலர் முதல் அரசு அறிக்கை வரை எங்கும் புழங்குகிற சொல் அது; தமிழில் எழுத உட்காரும்போதுதான் அதன் இடக்குத் தெரியும். வெளியீட்டாரின் பெயரைத் தவிர்க்கிறேன். நான் சொல்லப்போகும் குறையை இவ்வகை அகராதிகள் பலவற்றில் பார்த்திருக்கிறேன்.

பதிவு இரண்டே வரி. உச்சரிப்பு ‘அசீவ்’ என்றும், பொருள் ‘சாதி, அடை, வெற்றி பெறு’ என்றும் அச்சாகியிருக்கிறது. தமிழில் உயிருக்கு நடுவே ஒற்றைச் சகரம் வந்தால் ‘பசி’யில் ஒலிப்பதுபோல் மெலிந்தே ஒலிக்கும், ‘அச்சு’ என்பதில் உள்ள வல்லொலி வேண்டுமானால் இரட்டித்துத்தான் எழுத வேண்டும். இதை நம்பிப் படிக்கும் மாணவர் வேறொரு சொல்லைத்தான் உச்சரிப்பார். எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அதற்குச் சற்று மேலே, வலியைக் குறிக்கும் ‘ஏக்’ என்ற சொல்லுக்குத் தலைவலி, பல்வலி, மனவலி என்று எட்டு வரி ஒதுக்கியிருப்பதைப் பார்த்தால் இடப்பற்றாக்குறை என்றும் சொல்ல முடியாது.

‘சாதி’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போவதில் உள்ள சிக்கல், எழுத்தளவில் அது குலத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒன்றாகிவிடுவது மட்டுமன்று. ‘மௌனம் சாதித்தார்’ என்றால் பிடிவாதமாகப் பேசாதிருந்தார் என்று பொருள், ‘நான் எடுக்கவில்லை என்று சாதித்தான்’ என்றால் விடாப்பிடியாக மறுத்தான் என்று பொருள், வன்மத்தையும் சாதிப்பதுண்டு. வைணவ வீடுகளில் பெரியவர்கள் ஒன்றைச் சொல்வதும் கொடுப்பதும்கூடச் சாதிப்பதே. இவற்றில் எதுவும் ‘அச்சீவ்’ ஆகாது. அழுது அடம்பிடித்துப் பொம்மையை வாங்கிவிட்ட குழந்தை ‘சாதித்துக்கொண்டது’ என்கிறோமே, அந்த ஓரிடத்தில்தான் இரண்டும் ஏறக்குறைய ஒட்டுகின்றன. அகராதி அதைச் சொல்லவில்லை.

பெயர்ச்சொல்லுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். ‘அச்சீவ்மென்ட்’டுக்கும் ‘ரெக்கார்ட்’டுக்கும் இந்நூல் ‘சாதனை’ என்ற ஒரே சொல்லைத் தருகிறது. ஓட்டப்பந்தயத்தில் முறியடிக்கப்படுவது எது, வாழ்நாள் முழுவதும் உழைத்து ஈட்டுவது எது என்பதை மாணவர் தாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலச் சொல்லுக்குப் பெருமை கட்டாயமில்லை என்பதும் இங்கே விடுபட்டிருக்கிறது. என்னிடம் மொழிபெயர்ப்புப் பழகும் ஒருவர் இந்த அகராதியை வைத்துக்கொண்டு வெந்நீர்க் கொதிகலனின் கையேட்டைத் தமிழாக்கியபோது, ‘இக்கருவி பத்து நிமிடத்தில் 60 டிகிரி வெப்பத்தைச் சாதிக்கிறது’ என்று எழுதியிருந்தார். கொதிகலனுக்கு மாலை போட்டிருக்கலாம். ‘எட்டுகிறது’ என்ற சொல் அவருக்குத் தோன்றாததற்கு அகராதியில் அது இல்லாததே காரணம். இலக்கை எட்டுவது, நோக்கத்தை நிறைவேற்றுவது, பேரை ஈட்டுவது, காரியத்தை முடிப்பது என்று எதை ‘அச்சீவ்’ செய்கிறோம் என்பதைப் பொறுத்துத் தமிழ் வினை மாறுகிறது. அந்த இணைகளை நான்கு வரியில் தந்திருந்தாலே போதும்.

‘அடை’ என்பதைச் சேர்த்திருப்பது சரி. ஆனால் கல்வித்துறையில் ‘அடைவுத் தேர்வு’ (கற்றதை அளக்கும் தேர்வு), ‘அடைவூக்கம்’ (சாதிக்க வேண்டும் என்ற உந்துதல்) என்று நிலைத்துவிட்ட கலைச்சொற்களுக்கு ஓர் இடம் கொடுத்திருக்க வேண்டும். மாணவர்களுக்கான அகராதி என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். இலங்கையிலும் பள்ளிகளில் ‘அடைவு மட்டம்’ என்பார்கள். அங்கே நகையை அடகு வைப்பதற்கும் ‘அடைவு வைத்தல்’ என்றே பெயர், பரதம் பயில்பவர்களுக்கோ அடைவு என்றால் ஆட்டத்தின் அடிப்படை அசைவு. ஆகவே தனியாக ‘அடைவு’ என்று எழுதுவதைவிடக் ‘கற்றல் அடைவு’ என்று எழுதுவதே தெளிவு.

சொற்பிறப்பைத் தராததை மாணவர் பதிப்பு என்பதால் மன்னித்துவிடலாம், ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. ‘அச்சீவ்’ என்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘ஒன்றைத் தலைக்குக் கொண்டுவருதல்’, அதாவது முடித்தல், என்பது அதன் மூலப்பொருள். அதன் அடியில் இருப்பது தலையைக் குறிக்கும் ‘கபுட்’ என்ற லத்தீன் சொல். வைணவ உரைகளில் வரும் ‘தலைக்கட்டுதல்’ என்ற வினைக்கும் நிறைவேற்றுதல் என்றே பொருள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு மொழிகள் காரியம் முடிவதைத் தலையை வைத்தே சொல்லியிருக்கின்றன. ஊர்க் கணக்கில் குடும்பத்தைக் குறிக்கும் ‘தலைக்கட்டு’ நினைவிலிருப்பதால் இந்த வினையை இன்று யாரும் எழுதத் துணிவதில்லை.

நூலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு பொருள் மட்டுமே உள்ள பெயர்ச்சொற்களுக்கும், மரஞ்செடி, உடலுறுப்புப் பெயர்களுக்கும் இது நம்பகமாகவே இருக்கிறது. பத்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு வாங்கித் தரலாம். மொழிபெயர்ப்பவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பக்க ஓரத்தில் தாராளமாக வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். ‘எட்டு, ஈட்டு, நிறைவேற்று, முடி’ என்று பென்சிலால் எழுதி வைத்துவிட்டேன், உச்சரிப்பில் ஒரு ‘ச்’சையும் சேர்த்து.