‘செக்டர்’ என்று போட்டிருந்தால் சிட்கோ நிலம் என்று நினைத்துவிடாதீர்கள்

நவி மும்பையில் வீடு பார்த்துக்கொண்டிருக்கும் நம்மவர்கள், முக்கியமாக தாராவி, செம்பூர் பக்கமிருந்து வாஷி பாலத்தைத் தாண்டி வர நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டு டோக்கன் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டுப் படித்தவன். 6,51,000 ரூபாய். சிட்கோ என்பது இந்த நகரத்தைக் கட்டிய மாநில அரசு நிறுவனம்; ஊரை எண் போட்ட செக்டர்களாகப் பிரித்ததும் அதுதான்.

தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. எனக்கு வேலை துர்பேயில், மார்க்கெட்டை ஒட்டிய ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் கணக்கு எழுதுவது. கோபர்கைரணேயில் ஒரு ரோ ஹவுஸ் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். 11 மாதத்துக்கு ஒரு அக்ரிமெண்ட், 11 மாதத்துக்கு ஒரு வாடகை உயர்வு, நடுவில் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. ‘நம்ம பேர்ல ஒரு கரண்ட் பில் வரணும்’ என்று மனைவி சொல்லிச் சொல்லி, பிஎஃப்-பில் கொஞ்சம் எடுத்து, சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்து, ஒரு முன்பணம் சேர்த்திருந்தேன்.

புரோக்கரைப் பொங்கல் விழா ஒன்றில்தான் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம். பேச்சில் ‘ஏல’ வரும். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை ஆட்டோவில் கூட்டிப்போனார். அகலமான செக்டர் சாலை, மரங்கள், பள்ளிக்கூடம் எல்லாம் தாண்டி ஆட்டோ ஒரு திருப்பத்தில் இறங்கியது. அங்கிருந்து சாலை பத்தடிதான். ஒரு குளம், குளத்தோரம் கோயில், ஓடு போட்ட இரண்டு மூன்று பழைய வீடுகள், அவற்றை நெருக்கிக்கொண்டு வரிசையாக ஏழு மாடிக் கட்டடங்கள். எங்களுக்குக் காட்டியது மூன்றாவது மாடி. லிஃப்ட் இருந்தது, கதவு இன்னும் மாட்டவில்லை. வாசலில் பளபளவென்று பலகை: பில்டிங் பெயர், கீழே செக்டர் நம்பர், பின்கோடு.

விலை 31 லட்சம். சாலைக்கு அந்தப் பக்கம், சொசைட்டி கட்டடத்தில் அதே அளவு வீடு 75-க்குக் குறைந்து கிடையாது.

“ஏன் அண்ணாச்சி இவ்வளவு கம்மி?”

“தம்பி, அங்க எல்லாம் சிட்கோ குத்தகை நிலம். விக்கணும்னா என்ஓசி, டிரான்ஸ்ஃபர் சார்ஜ்னு ஆயிரம் செலவு. இது ஊர்க்காரங்க சொந்த பூமி. யார்கிட்டயும் கை கட்டி நிக்க வேண்டாம்.”

இதில் சிட்கோவைப் பற்றிச் சொன்னது உண்மை. ‘சொந்த பூமி’ என்றதுதான் என் பணத்தைத் தின்றது. இந்த ஊர் எப்படி முளைத்தது என்று தெரிந்திருந்தால் அன்றே எழுந்து வந்திருப்பேன். அதனால் அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மும்பை வடக்கே நீண்டுகொண்டே போவதை நிறுத்தி, கிழக்கே கழிமுகத்துக்கு அப்பால் ஒரு புது நகரம் கட்டலாம் என்று 1965-ல் கட்டடக் கலைஞர்கள் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, பொறியாளர் சிரிஷ் பட்டேல் மூவரும் ‘மார்க்’ என்ற கலை இதழில் எழுதினார்கள். 1970 மார்ச் 17 அன்று அதற்காகவே சிட்கோ தொடங்கப்பட்டது. தாணேயிலும், அப்போது கொலாபா என்றிருந்த ராய்கட் மாவட்டத்திலுமாக 344 சதுர கிலோமீட்டர், 95 கிராமங்கள். ஆக்ரி, கோலி மக்களின் நெல்வயல், உப்பளம், மீன்பிடித் துறை. திட்டத்தின் கணக்கு எளிது: அரசு மொத்த நிலத்தையும் எடுக்கும், சிட்கோ அதை மனைகளாக்கி 60 வருடக் குத்தகைக்கு விற்கும், அந்தக் காசிலேயே சாலையும் தண்ணீரும் ரயிலும் வரும். வாஷி முதலில் எழுந்தது. 1973-ல் பாலம். ரயில் வர 1992 ஆகிவிட்டது.

எடுத்தது வயல்களை. மக்கள் குடியிருந்த ஊர்நத்தத்தை, மராத்தியில் காவ்டாண் என்பார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள். நகரம் அதைச் சுற்றிக் கட்டப்பட்டது. அதனால்தான் வாஷிகாவ், ஜுஹுகாவ், நெருள், கராவே, ஷாபாஸ், கன்சோலி எல்லாம் இன்றும் செக்டர்களுக்கு நடுவே தீவுகள் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. மகன், பேரன் என்று குடும்பம் பெருகியது. நத்தத்தின் எல்லை அதே வேகத்தில் விரியவில்லை. நிலத்துக்குக் கிடைத்த விலை போதாது என்று தி. பா. பாட்டீல் தலைமையில் விவசாயிகள் போராடினார்கள். 1984 ஜனவரி 16, 17 தேதிகளில் உரண் பக்கம் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 5 பேர் செத்தார்கள். புது விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கச் சொல்லி 2021-ல் அவ்வளவு பேர் தெருவுக்கு வந்தது சும்மா இல்லை. எடுத்த நிலத்தில் 12.5 சதவீதத்தை மேம்படுத்திய மனையாகத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் அந்தப் போராட்டத்தின் பலன்.

அதற்குள் ஊர்க்காரர்கள் நத்தத்துக்கு வெளியேயும் பிள்ளைகளுக்கு வீடு கட்டியிருந்தார்கள். ‘கரஜேபோடி’, அதாவது தேவைக்காகக் கட்டியது, என்று அதற்குப் பெயர். தன் வயலில் ரயில் நிலையம் நிற்கும்போது, பக்கத்தில் மகனுக்கு இரண்டு அறை போட்டுக்கொண்டவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் காகிதத்தில் அந்த இடம் பல சமயம் சிட்கோ ஏற்கெனவே எடுத்துக்கொண்ட நிலம். இதற்குள்தான் பில்டர் நுழைகிறான். ஊர்க்காரர் இடம் தருவார், இவன் சில மாதத்தில் ஏழு மாடி எழுப்புவான், ஆளுக்குப் பாதி. அந்தப் பாதியை வாங்க என்னைப் போன்றவர்கள் வருவார்கள். ‘இதெல்லாம் சீக்கிரம் ரெகுலரைஸ் ஆயிரும்’ என்பது இவர்களின் மந்திரம். அரசு முடிவுகள் வந்திருப்பது உண்மைதான். அவை நிலம் கொடுத்த குடும்பங்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்ட வீடுகளை மனதில் வைத்தவை. பில்டரின் மூன்றாவது மாடிக்கு அதில் என்ன உறுதி?

சரி, என் கதை. டோக்கன் 51,000 ஜிபே-யில் போட்டேன். பதினைந்து நாளில் 6 லட்சம்: 3.5 லட்சம் அக்கவுண்டில், 2.5 லட்சம் கையில். ‘கேஷா கொடுத்தா ரேட்டுல கொஞ்சம் தள்ளுவாங்க’ என்றார் அண்ணாச்சி. அக்ரிமெண்ட் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நடந்தது. 500 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர், நோட்டரியின் சிவப்பு வட்ட முத்திரை, பக்கத்துக்குப் பக்கம் என் கட்டைவிரல் ரேகை. பார்க்கவே கெத்தாக இருந்தது. மனை எண் என்று அச்சடித்திருந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார்கள். அதன் கீழே ஒரு ‘கர் நம்பர்’, அதாவது வெறும் வீட்டு எண். கிழக்கே இன்னார் வீடு, மேற்கே சாக்கடை. நான் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்தேன் என்பதுதான் இன்றுவரை என்னைக் குடைகிறது. ரசீதிலும் அக்கவுண்டில் போன தொகை மட்டும்தான் இருந்தது. கையில் கொடுத்ததற்கு அண்ணாச்சியின் தலையாட்டல்தான் சாட்சி.

மீதிக்கு லோன் போட வங்கிக்குப் போனேன். வங்கியின் வக்கீல் ஐந்து நிமிடம் புரட்டினார். ரிஜிஸ்டர் ஆன அக்ரிமெண்ட், இன்டெக்ஸ் டூ (பதிவான பத்திரத்தின் சுருக்கம்), கமென்ஸ்மெண்ட் சர்ட்டிஃபிகேட் (கட்டத் தொடங்க அனுமதி), ஓசி (குடியேறலாம் என்ற சான்று), சிட்கோ லீஸ் டீட், மகாரேரா நம்பர் (ரியல் எஸ்டேட் ஆணையத்தின் பதிவு எண்) என்று கேட்டார். என்னிடம் இருந்தது சொத்து வரி ரசீதும், ஊர்க்காரர் பெயரில் ஒரு மீட்டர் பில்லும். “இது நீங்க வரி கட்டினதுக்கு அத்தாட்சி, வீட்டுக்கு இல்ல” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அனுமதியில்லாத கட்டடத்துக்கும் மாநகராட்சி வரி வாங்கும் என்பது அன்றுதான் தெரியும்.

அண்ணாச்சி அசரவில்லை. “பெரிய பேங்க்ல அப்படித்தான் தம்பி. நமக்குத் தெரிஞ்ச கிரெடிட் சொசைட்டி இருக்கு, வட்டி மட்டும் கொஞ்சம் கூட.” நான் அதற்கும் தலையாட்டியிருப்பேன். அதற்குள் என் மனைவி, திரைச்சீலைக்கு அளவெடுக்க அந்த வீட்டுக்குப் போனாள்.

அங்கே கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடைவெளி இரண்டடிகூட இராது. இந்தக் கிரில்லிலிருந்து அந்தக் கிரில்லுக்குக் கிண்ணத்தில் குழம்பு நீட்டலாம். எதிர் ஜன்னலில் ஒரு அம்மா வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம். “வாங்கப் போறீங்களா?” என்று இந்தியில் கேட்டிருக்கிறார். இவள் ஆமாம் என்றதும், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “இஸ் பில்டிங் கோ நோட்டீஸ் ஆயா ஹை, தோ பார்” என்றாராம். இரண்டு முறை வந்துவிட்டது, வாசலில் ஒட்டியதைக் கிழித்துவிட்டார்கள் என்று. இஞ்ச் டேப்பை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் வார்டு ஆபீஸுக்குப் போனேன். அனுமதியற்ற கட்டடங்களின் பட்டியல் இருந்தது. மராத்தி எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். கர் நம்பர் அப்படியே இருந்தது. 1966-ஆம் வருட நகரத் திட்டச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ்.

இதெல்லாம் வெறும் காகித பயம் என்று நினைப்பவர்களுக்கு: இதே நவி மும்பையில், திகாவில் 99 கட்டடங்களை இடிக்க 2015-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தெருவில் நின்றவர்கள் பில்டர்கள் இல்லை, வீடு வாங்கியவர்கள். 2024 ஜூலை 27 விடியற்காலையில் ஷாபாஸ் கிராமத்தில் ஒரு கட்டடம் தானாகவே விழுந்து 3 பேர் போனார்கள். அரதப்பழசு இல்லை, பத்து வருடக் கட்டடம் என்று செய்தியில் படித்தேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் ‘வேற பார்ட்டி வரட்டும்’, பிறகு ‘ஊர்ல கல்யாணம்’, பிறகு போனே எடுக்கவில்லை. அம்மா ஒருநாள் என் போனைப் பிடுங்கித் தானே பேசினாள்: “எய்யா, நீயும் தாமிரபரணித் தண்ணி குடிச்சவன்தானே?” அதற்கு மட்டும் பலன் இருந்தது, மூன்று தவணையில் 1,80,000 வந்தது. கையில் கொடுத்த 2.5 லட்சத்தை பில்டர் வாங்கவே இல்லை என்கிறார், அண்ணாச்சி கொடுத்துவிட்டேன் என்கிறார். மீதி 2,21,000-க்கு பில்டர் தந்த செக் பவுன்ஸ் ஆனது. பவுன்ஸ் ஆன மெமோ வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். அவர்களுக்கு 15 நாள் அவகாசம், பிறகு ஒரு மாதத்துக்குள் கேஸ். ‘பார்த்துக்கலாம் தம்பி’ என்பதை நம்பி முதல் செக்கில் இந்த 30 நாளைக் கோட்டைவிட்டேன். இரண்டாவது செக் வாங்கித்தான் கேஸ் போட முடிந்தது. பேலாப்பூர் கோர்ட்டில் வாய்தா ஓடிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் போகும்போது முதலில் மனை எண்ணைக் கேளுங்கள். சிட்கோ மனை என்றால் நோடு (வாஷி, நெருள் மாதிரி நகரப் பகுதி), செக்டர், பிளாட் மூன்றும் இருக்கும். செக்டர் மட்டும் இருந்தால் அது தபால்காரருக்கான அடையாளம், அவ்வளவுதான். நம்பர் கிடைத்ததும் நீங்களே போய் விசாரியுங்கள், புரோக்கர் கொண்டுவரும் ஜெராக்ஸை நம்பாதீர்கள். 12.5 சதவீத மனையில் எழுந்த கட்டடம் என்றால் அது சட்டப்படியே விற்கக்கூடியது. ஆனால் சிட்கோ, மனை கிடைத்த ஊர்க்காரர், பில்டர் மூவரும் கையெழுத்திட்ட முத்தரப்பு ஒப்பந்தத்தைக் கண்ணால் பாருங்கள். மறுவிற்பனை வீடு என்றால் இன்டெக்ஸ் டூ-வை ஆன்லைனிலேயே தேடலாம். 31 லட்ச ரூபாய் வீட்டுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம் 30,000-க்கு மேல் போகாது. ‘ஸ்டாம்ப் டியூட்டி மிச்சம் பண்ணலாம், நோட்டரி போதும்’ என்று ஒருவர் சொன்னால் அவர் மிச்சம் பண்ணுவது தன் தலையை. பெரிய வங்கி லோன் தரவில்லை என்றால், கைவசம் முழுப் பணம் இருந்தாலும் விலகிவிடுங்கள். வங்கி வக்கீல் உங்களுக்காக இலவசமாக வேலை பார்த்திருக்கிறார். பன்வேலுக்கு அப்பால் ‘ஏர்போர்ட் பக்கம்’ என்று குண்டா (இங்கே நிலத்தை அளக்கும் அளவு) கணக்கில் விற்கும் வயல் துண்டுகள் வேறு கதை. சாத்-பாராவில், அதாவது அரசின் நிலப் பதிவேட்டில், உங்கள் பெயர் தனியாக ஏறுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், விற்பவர் பேச்சை மாற்றுவார்.

போன வாரம் ஆபீஸ் வேலையாக அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. மேலே ஏறினேன். லிஃப்டுக்குக் கதவு போட்டிருந்தார்கள். நான் பார்த்த வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம், காய்ந்து சுருண்டிருந்தது. கதவைத் திறந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், இடுப்பில் குழந்தை. முன்பு இந்த வீட்டைப் பார்த்தவன் என்று சொல்லிவிட்டு, ரிஜிஸ்ட்ரேஷன் ஆயிற்றா என்று கேட்டேன். “நோட்டரி ஹோ கயா, அங்கிள்” என்று சிரித்தான். உள்ளே ஜன்னலில் புதுத் திரைச்சீலை. வார்டு ஆபீஸ் பட்டியலின் படம் என் போனில் இருந்தது. அதைத் தேடி எடுக்கும்வரை அவன் குழந்தையைத் தட்டிக்கொண்டு நின்றான்.