பில்லில் புதியது, என்ஜினுக்குள் பழையது: கார்ட் என்ஜினை வேலைக்குக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஓஹாயோ, மிச்சிகன், இல்லினாய் பக்கம் கார்ட் (குட்டிப் பந்தய வண்டி) பந்தயத்தில் புதிதாக இறங்கியிருக்கும் நம்மவர்கள் சிலர், யமஹா கேடி 100 என்ஜினை யாரிடம் கொடுத்து வேலை பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டிருந்தார்கள். யாரிடம் கொடுக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள், எதற்குப் பில் போடுகிறார்கள், மாட்டிக்கொண்டால் என்ன பேசுகிறார்கள் என்பதைப் படித்துவிட்டால், தொலைபேசியில் பேசும்போதே உங்களுக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிடும்.

கார்ட் என்றதும் வணிக வளாகத்துக்குப் பின்னால் டயர் அடுக்கிய சின்ன வளையத்தில் ஓடுவது நினைவுக்கு வந்தால், இது அதுவல்ல. இது கார்ப் பந்தயத் தடத்தில், முழு நீளத்துக்கும் ஓடுகிற வகை. ஓட்டுநர் உட்கார்வதில்லை, கிட்டத்தட்ட மல்லாந்து படுத்து, தன் கால்களுக்கு மேலாகச் சாலையைப் பார்த்து ஓட்டுகிறார். இரு பக்கமும் பெட்ரோல் டாங்கி. பந்தயம் பெரும்பாலும் முக்கால் மணி நேரம். விஸ்கான்சினில் எல்க்ஹார்ட் லேக் ஊரில் 1955-ல் திறந்த ரோடு அமெரிக்கா தடம் சுமார் 6.5 கிலோமீட்டர், நம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தைப் போல ஒன்றேமுக்கால் மடங்கு. அங்கே நேர்ச்சாலையில் இந்த நூறு சிசி என்ஜின் மணிக்கு 160 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் ஆளை இழுத்துக்கொண்டு போகும். தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் முதுகு இருக்கும்போது அந்த வேகம் எப்படி இருக்கும் என்பதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது.

கேடி 100 என்பது ஆர்எக்ஸ் 100 ஓட்டிய தலைமுறைக்குப் புரியக்கூடிய என்ஜின். டூ ஸ்ட்ரோக், காற்றால் குளிரும், 52 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 46 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). தனி ஆயில் பம்ப் கிடையாது. பழைய லாம்பிரெட்டாவுக்குக் கலந்த மாதிரி பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். நான் ஆமணக்கு எண்ணெய் சார்ந்த ஆயில்தான் பயன்படுத்துகிறேன். எரியும் வாசனைக்காகவே அதை விட மனம் வருவதில்லை.

நீண்ட தடத்தில் இந்த என்ஜினுக்குச் சிக்கலே நேர்ச்சாலையின் முடிவில்தான். முழு வேகத்தில் சுழன்று பிஸ்டன் சூடேறியிருக்கும். வளைவு வருகிறதென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெட்ரோல் நிற்கும். பெட்ரோலோடு எண்ணெயும் நிற்கும். ஆனால் என்ஜின் இன்னும் அதே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். அதனால்தான் பழகிய ஓட்டுநர்கள் காலை எடுப்பதற்குச் சற்று முன்னால் ஒரு கையைப் பின்னால் நீட்டி, கார்புரேட்டர் வாயை ஒரு கணம் உள்ளங்கையால் பொத்துகிறார்கள். காற்று குறைந்து, பெட்ரோலும் எண்ணெயும் கூடுதலாக உள்ளே போகும், பிஸ்டன் குளிரும். இதே காரணத்தால், குறுந்தடத்துக்கு வைப்பதைவிட நீண்ட தடத்துக்குப் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டும். அலுமினியப் பிஸ்டன், சிலிண்டருக்குள் இருக்கும் இரும்பு உறையைவிட அதிகமாக விரியும். இடம் இல்லையென்றால் பிடித்துக்கொள்ளும். இதைத் தெரிந்துகொள்ளப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஊரில் எந்த டூ ஸ்ட்ரோக் மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார்.

சென்ற குளிர்காலத்தில் இந்தக் கடைக்கு என்ஜினை அனுப்பினேன். பேச்சில் குறை சொல்ல முடியாது. ‘நீண்ட தட ஓட்டத்துக்கென்றே தனியாகத் தயாரிப்போம்’ என்றார் உரிமையாளர். நான் ஒரு சீட்டில் எழுதி என்ஜினோடு வைத்தேன்: இப்போதைய போர் 52.21, பிஸ்டன் 52.10, அடுத்த அளவு பிஸ்டன் போட்டு அதே 0.11 இடைவெளி கிடைக்கும்படி ஹோனிங் (சிலிண்டரின் உட்சுவரைக் கல்லால் தேய்த்து அகலப்படுத்துவது) செய்யவும், ஓட்டம் ரோடு அமெரிக்காவில். அனுப்பும் முன் அளவெடுத்து நோட்டில் எழுதுவது என் பழைய வழக்கம். சந்தேகத்தால் வந்ததல்ல, மறதியால் வந்தது.

பணம் கட்டும்போது முதல் உறுத்தல். நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் பணம் அனுப்பும் வழியில் இணையத்தில் அனுப்பினால் கொஞ்சம் தள்ளுபடி என்றார். அந்த வழியில் அனுப்பினால் வாங்குபவருக்கான பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. கடைக்காரர் என் சித்தப்பா மகனும் இல்லை. கடன் அட்டையில்தான் கட்டுவேன் என்று நின்றேன். முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

பில் 685 டாலர். பிஸ்டனும் ரிங்கும் 95, ஹோனிங் 45, கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைப்பது) செட் 140, கிராங்க் பேரிங்குகளும் ஆயில் சீல்களும் 90, கூலி 190, டைனோ (என்ஜினின் சக்தியை அளக்கும் கருவி) சோதனை 125. கூடவே டைனோ வரைபடம் அச்சிட்ட பளபளப்பான தாள் ஒன்று. என்ஜின் வெளியே மணல் ஊதிச் சுத்தம் செய்து, பெண் பார்க்க வருபவர்களுக்காக அலங்கரித்த மாதிரி வந்து சேர்ந்தது.

ரோடு அமெரிக்காவில் சனிக்கிழமைப் பயிற்சி ஓட்டம். என்ஜினைப் படிப்படியாகச் சூடேற்றி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித்தான் போனேன். மூன்றாம் வளைவைத் தாண்டியதும் மொரெய்ன் ஸ்வீப் என்று ஓர் இறக்கமான நீண்ட ஓட்டம். அதன் முடிவில் ஐந்தாம் வளைவு, இடப்பக்கம் செங்குத்தாகத் திரும்பி மேடேறும். அந்த இறக்கத்தின் கடைசியில், நான் கார்புரேட்டரைப் பொத்தக் கையை நீட்டிய அதே நேரத்தில், என்ஜின் ஒரு முறை கனைத்து நின்றுவிட்டது. கிராங்கில் கிளட்ச் இருப்பதால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளவில்லை. இல்லையென்றால் இந்தப் பதிவை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் என் கையைப் பார்த்து விலகிப் போனார்கள். படுத்துக்கொண்டு ஓட்டுபவருக்கு முன்னால் போகும் வண்டி திடீரென்று வேகம் இழப்பது தெரியவே கொஞ்சம் நேரம் ஆகும். 685 டாலர் போனதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது இதை நினைத்துத்தான்.

அன்று மாலை கடைக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னேன். நான் பேசி முடிப்பதற்குள் பதில் தயாராக இருந்தது: ‘கார்புரேட்டர் ஊசியை அதிகமாக மூடி, பெட்ரோலைக் குறைத்து ஓட்டியிருக்கிறீர்கள். புதியவர்கள் எல்லோரும் செய்வதுதான்.’ நான் புதியவன் என்று அவருக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. என் பெயரை உச்சரிக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தால், ஓரளவு ஊகிக்கலாம்.

பந்தயத் தடத்திலேயே, பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஒரு பெரியவர் என்ஜினின் தலையை, அதாவது சிலிண்டரின் மேல்மூடியை, கழற்ற உதவினார். பல பத்தாண்டுகளாக இந்த என்ஜின்களைப் பிரித்து மாட்டியவர். சிலிண்டரை உருவி எடுத்து, பிஸ்டனைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். இங்கே கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும், ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது. பெட்ரோல் குறைந்து சூடேறிப் பிடித்த பிஸ்டனில் கீறல் பெரும்பாலும் ஒரே பக்கம் இருக்கும். புகை வெளியேறும் துவாரத்தைப் பார்த்த பக்கம், அதாவது அதிகச் சூடு வாங்கும் பக்கம். மேல்முகத்தில் உருகியதன் அறிகுறியும் இருக்கலாம். என் பிஸ்டனில் அப்படியில்லை. சுற்றிலும் நான்கு இடங்களில், அளந்து வைத்த மாதிரி, நான்கு செங்குத்துப் பட்டைகள். மேல்முகம் நல்ல பழுப்பு நிறம். இடைவெளி போதாமல் பிஸ்டன் விரிந்து நான்கு மூலையிலும் உரசினால்தான் இப்படி வரும். பெரியவர் எதுவும் சொல்லவில்லை. மேல்முகத்தில் பொறித்திருந்த அளவை விரல் நகத்தால் தட்டிக் காட்டினார். 52.15.

பிஸ்டன் புதியதுதான், அடுத்த அளவுதான். சரி, சிலிண்டர்? கீறல் படாத கீழ்ப்பகுதியில் போர் அளவுமானியை வைத்தோம். 52.21. நான் அனுப்பியபோது என்ன இருந்ததோ அதே. ஹோனிங் கல் ஆழமாக ஓடியிருந்தால் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் தெரியும். இங்கே தேய்ப்புத் தாளால் ஒப்புக்குத் தேய்த்த மேல்பூச்சுக் கீறல்தான் இருந்தது. அதாவது, பெரிய பிஸ்டனைப் பழைய சிலிண்டரிலேயே திணித்து மூடியிருக்கிறார்கள். நான் கேட்ட 0.11-க்குப் பதில் 0.06. குறுந்தடத்தில் சில சுற்றுகள் தாக்குப்பிடித்திருக்கலாம். ரோடு அமெரிக்காவின் இறக்கத்தில் தாக்குப்பிடிக்க வாய்ப்பே இல்லை.

அடுத்தது கனெக்டிங் ராடு. முன்பு என் என்ஜினை வேலை பார்த்தவர் ராடின் தண்டில் மின்பேனாவால் மாதமும் ஆண்டும் பொறித்து வைப்பார். பில்லில் 140 டாலருக்குப் ‘புதிய’ ராடு. விளக்கைப் பிடித்துப் பார்த்தால் பழையவரின் கையெழுத்தில் பழைய தேதி அப்படியே இருக்கிறது. கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பேரிங் சொரசொரவென்று விரலில் தெரிந்தது. 230 டாலருக்கு அடிப்பாகத்தில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

இந்தப் படங்களை எல்லாம் அனுப்பிய பிறகு கடைக்காரரின் குரல் மாறியது. ‘என்ஜினை அப்படியே எங்களுக்கு அனுப்புங்கள், சோதித்துவிட்டுச் சொல்கிறோம்’ என்று தேன் ஒழுகப் பேசினார். அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் கையிலிருந்த ஒரே சாட்சியையும் கூரியர் செலவு கொடுத்து எதிராளியிடம் ஒப்படைத்ததாகியிருக்கும். படங்கள், அளவுகள், வெளியேறும் புகையின் வெப்பம் பதிவான கோப்பு ஆகியவை மட்டும் போயின. முந்தைய பந்தயங்களைவிட வெப்பம் குறைவாகவே இருந்ததை அந்தக் கோப்பு காட்டியது. அவருடைய ‘பெட்ரோலைக் குறைத்தீர்கள்’ கதை அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு பதிலே இல்லை.

டைனோ தாள் விவகாரம் தற்செயலாக வெளியே வந்தது. இண்டியானாவிலிருந்து வரும் ஒரு போட்டியாளர் அதே கடையில் தன் என்ஜினை வேலைக்குக் கொடுத்தவர். தன் தாளைப் பெருமையாகக் காட்டினார். என்னுடையதையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டு என்ஜினின் வளைகோடும் ஒன்றுதான். நடுவில் இருக்கும் ஒரு சின்ன நெளிவுகூட அதே இடத்தில். என்ஜின் எண் மட்டும் வேறு. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, காட்டியிருக்கவே வேண்டாமோ என்று தோன்றியது.

வங்கியில் புகார் கொடுத்தேன். அமெரிக்காவில் கடன் அட்டைக் கணக்கில் தவறான கட்டணம் வந்தால், அந்தக் கணக்கு அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சட்டப்படி உள்ள உரிமை அது. தொலைபேசியில் சொன்னால் போதும் என்று வாடிக்கையாளர் சேவையில் சொல்வார்கள், கடிதமும் போடுங்கள். நான் மொத்தத் தொகையையும் ஒரே வரியில் கேட்காமல், பில்லின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு படம் வைத்து அனுப்பினேன். கடை தன் பதிலாக, பெட்டியில் இருக்கும் புதிய ராடு ஒன்றின் படத்தை அனுப்பியது. பெட்டியில் இருக்கும் ராடால் எனக்கு என்ன பயன்? ராடு, பேரிங், ஹோனிங், டைனோ ஆகியவற்றுக்கான 400 டாலர் திரும்பி வந்தது. பிஸ்டனும் கூலியும் போனது போனதுதான். கெட்டுப்போன சிலிண்டரைச் சரிசெய்யும் செலவு தனி.

இவ்வளவு தெரிந்தும் அந்தக் கடை எப்படி ஓடுகிறது என்று கேட்பீர்கள். இந்த வகைப் பந்தயத்தில் ஆட்கள் குறைவு. கேடி 100 தெரிந்த கைகள் அதைவிடக் குறைவு. முகத்தை முறித்துக்கொண்டால் அடுத்த பருவத்துக்கு என்ஜின் பார்க்க ஆள் இருக்காது என்று பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். பிடித்துக்கொண்ட பிஸ்டனைக் குப்பையில் போட்டுவிட்டு, ‘நான்தான் சரியாக ஓட்டவில்லை போலிருக்கிறது’ என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். கடைக்காரரின் பிழைப்பு இந்த நல்ல மனத்தை நம்பித்தான் நடக்கிறது.

வேலை முடிந்து வரும் என்ஜினை ஓட்டுவதற்கு முன், தலையின் நட்டுகளைக் கழற்றிப் பிஸ்டன் மேல் இருக்கும் எண்ணைப் படித்துவிடுங்கள், போரை அளந்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. அப்படிப் பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்று கடை சொன்னால், அந்த உத்தரவாதத்தின் மதிப்பு என்னவென்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான ஆள் கேட்காமலேயே ஒரு பையில் போட்டு அனுப்புவார். இப்போது என் என்ஜினைப் பார்ப்பவர் தேய்ந்த பேரிங்கைக்கூடத் துடைத்து அனுப்புகிறார்.

ஏற்கெனவே டைனோ தாள் வாங்கி வைத்திருப்பவர்கள் அதன் இடப்பக்கக் கீழ் மூலையைப் பாருங்கள். வெப்பம் 72 டிகிரி ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 45 சதவீதம், காற்றழுத்தம் 29.92 என்று இருக்கிறதா? 29.92 அங்குலம் என்பது கடல்மட்டத்துக்குப் பாடப்புத்தகம் தரும் அளவு. என் தாளில் தேதி ஜனவரி, இண்டியானாக்காரர் தாளில் மார்ச். இரண்டிலும் இதே மூன்று எண்கள்தான். உங்களுடையதிலும் இவையே இருந்தால் அட்டைக் கணக்கு அறிக்கையின் தேதியைப் பாருங்கள். 60 நாள் இன்னும் முடியாமல் இருக்கலாம்.