28,500 ரூபாய் போனது, வேலி அசையவில்லை

தாலுகா அலுவலகத்திலிருந்து வந்த கையோடு எழுதுகிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் மனைக்கும் பக்கத்து மனைக்கும் நடுவே அப்பா காலத்துக் கிளுவை வேலி இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன், அப்பா படுக்கையில் கிடந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் அதை வெட்டிவிட்டுக் கல்கால் நட்டுக் கம்பி வேலி போட்டார். எங்கள் பக்கம் இரண்டரை அடி உள்ளே. 64 அடி நீளத்துக்கு 160 சதுர அடி. முறைக்குப் பெரியப்பா. கேட்டால், "கிளுவை கோணலாக வளர்ந்திருந்தது அம்மிணி, நேராக்கினேன்" என்பார்.

சண்டை வேண்டாம், அளந்து தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் பட்டா, நில அளவை வேலைகள் செய்து தருவதாகப் பலகை மாட்டியிருந்த ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அதை நடத்தும் ஆள் மறுநாளே வந்தார். புதருக்குள் குனிந்து, மண் மூடிக் கிடந்த மூலைக்கல்லைக் கண்டுபிடித்தார். வண்டிச் சாவியால் மண்ணைச் சுரண்டி, கல் தலையில் இருந்த குறியை அம்மாவின் கையைப் பிடித்துத் தொடவைத்தார். அம்மா அழுதுவிட்டார். அங்கேதான் நான் ஏமாந்தேன். "12 ஆண்டு தாண்டினால் எதிரிடை அனுபவம், அதாவது இத்தனை காலம் எங்கள் கையில் இருந்த நிலம் எங்களுக்கே என்று கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள், அக்கா. இரண்டு ஆண்டுதான் பாக்கி" என்றார். சட்டத்தில் உள்ளதைத்தானே சொல்கிறார் என்று நம்பினேன். அளக்க மனு போடுவதற்காக, கறவை மாட்டை விற்ற பணம் 28,500 ரூபாயை அவருடைய சொந்தக் கைப்பேசி எண்ணுக்கே அனுப்பினேன். ஒரு துண்டுச் சீட்டில் மனு எண் எழுதித் தந்தார்.

பிறகு நான்கு மாதம். சர்வேயர் ஜமாபந்தியில் இருக்கிறார் என்றார். கருவி பழுது என்றார். அடுத்த திங்கள், அதற்கடுத்த திங்கள். கடைசியில், "பணம் அரசுக்குக் கட்டியாகிவிட்டது, அங்கே போய்க் கேளுங்கள்" என்று போனை வைத்துவிட்டார்.

கேட்டேன். அந்த எண் வேறு கிராமத்தில் யாரோ ஒருவருடைய மனு. எங்கள் சர்வே எண்ணுக்கு மனுவே போடவில்லை. தாலுகா அலுவலக வாசலில் நின்றே அவரை அழைத்தேன். "நேரில் வந்து பார்த்தேனே, அதற்குக் கூலி இல்லையா?" என்கிறார். வந்த தூரம் நான்கு கிலோமீட்டர். கூலி 28,500 ரூபாயாம்!

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவு மட்டும்: எல்லையை அளக்க நீங்களே இணையத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பியுங்கள். கட்டணம் அரசுக் கணக்குக்குத்தான் போக வேண்டும், தனி ஆளின் எண்ணுக்கு அல்ல. மனு எண்ணை அன்றே சரிபாருங்கள். உங்கள் நிலத்தின் எல்லை அளவுகள் உள்ள அரசு வரைபடமான புலப்படத்தை முதலில் கையில் வாங்குங்கள். ஆத்திரத்தில் வேலியை நீங்களே பிடுங்காதீர்கள், வழக்கு உங்கள் மேல் திரும்பும். அளந்த பிறகும் பக்கத்து வீட்டுக்காரர் மறுத்தால் உரிமையியல் நீதிமன்றம்தான்.

நாளைக் காலை அந்தத் துண்டுச் சீட்டோடு காவல் நிலையத்துக்குப் போகிறேன்.