அப்பாவின் கணக்கு நோட்டு

மூன்று வாரம் மதுரையில் இருந்துவிட்டு வந்தேன். அதில் ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் கழுத்துத் தண்டுவடம் நசுங்கி ஜனவரியில் ஆபரேஷன். எனக்கு டொரொண்டோவிலிருந்து ஏப்ரலில்தான் லீவு கிடைத்தது. மூன்றாம் மாத ரிவ்யூவுக்கு நானே கூட்டிப்போனேன். தம்பி விடியற்காலையில் போய் டோக்கன் போட்டும் பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். "இன்னும் எவ்வளவு தேறும் டாக்டர்?" என்று கேட்டேன். "எல்லாம் சரியாயிரும், பயப்படாதீங்க." அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாகிவிட்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டினேன். மருந்து, தையல் பிரித்த தேதி எல்லாம் இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் கை எப்படி இருந்தது, நடை எப்படி இருந்தது என்று ஒரு வரி இல்லை. புறப்பட்ட இடத்தையே குறிக்காமல் எவ்வளவு தூரம் வந்தோம் என்று எப்படிச் சொல்வது? அழுகையே வந்துவிட்டது.

நான் இருக்கும் ஊரில்தான் மைக்கேல் ஃபெஹ்லிங்ஸ் என்ற அறுவை மருத்துவரின் குழு, இந்த ஆபரேஷனுக்குப் பிறகு யார் எவ்வளவு தேறுவார்கள் என்று முன்கூட்டியே கணிக்கும் முறையை ஆராய்ந்திருக்கிறது. வயது, தொந்தரவு எத்தனை மாதமாக, எவ்வளவு கடுமை, நடையில் தடுமாற்றம் உண்டா, புகைப்பழக்கம் உண்டா என்று பார்ப்பார்கள். ஆனால் அங்கே ஒரு ஸ்கேனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே அப்பாவுக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்ன அன்று மாலையே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதை வைத்துப் பேசத்தான் ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை.

மாலையில் மனசு கேட்காமல் அண்ணாநகர் பக்கம் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனோம். இளவயது நரம்பியல் டாக்டர். "எப்ப ஆரம்பிச்சுச்சு ஐயா?" என்றார். அப்பா "போன தீபாவளிக்கு" என்றார். "அதுக்கு முன்னாடி எழுதுன எழுத்து ஏதாச்சும் வீட்ல இருக்கா?"

அப்பா கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதியவர். இன்றும் பால், காய்கறி என்று வீட்டுச் செலவைத் தினமும் நோட்டில் எழுதுவார். தம்பி பைக்கில் போய் அதை எடுத்து வந்தான். டாக்டர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். சித்திரைத் திருவிழாச் செலவு எழுதிய பக்கத்திலேயே எண்கள் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தன. ஆபரேஷனுக்கு எட்டு ஒன்பது மாதம் முன்பே! நாங்கள் சர்க்கரையால் வந்த நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"பத்து செகண்ட்ல எத்தனை தடவை கைய மூடித் திறக்குறீங்கன்னு பாப்போம்." வலது கை 13. நல்ல கை என்றால் 20-க்குக் குறையாது என்றார். அப்புறம் சட்டைப் பொத்தான், படிக்கட்டு, மரத்துப்போவது, சிறுநீர் என்று கேட்டு 18-க்கு 14 மார்க் போட்டார்; 18 என்றால் எந்தக் குறையும் இல்லை என்று அர்த்தம். ஆபரேஷனுக்கு முன்னால் பொத்தானே போட முடியவில்லை, கைப்பிடி இல்லாமல் படி ஏறவில்லை என்று அம்மா சொன்னதை வைத்து அப்போது 11 இருந்திருக்கும் என்றார். "11-ன்னா கடுமையான வகை. இழந்த ஏழுல மூணு திரும்பியிருக்கு, சுமார் 43 சதவீதம். ஆபரேஷனோட முதல் வேலை மேற்கொண்டு மோசமாகாம நிறுத்துறது. தேறுறது பெரும்பாலும் முதல் ஆறு மாசத்துல, அப்புறம் மெதுவாகும். எல்லாம் பழையபடி வரும்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இன்னும் வர இடம் இருக்கு." ஸ்கேனில் தண்டுவடத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. இன்னொரு வகைப் படத்தில் அதே இடம் கறுத்திருந்தால் நம்பிக்கை இன்னும் குறையும், இவருக்கு அப்படி இல்லை என்று ரெண்டு படத்தையும் விளக்கில் மாட்டிக் காட்டினார்.

நாற்பது நிமிடம். பீஸ் 500 ரூபாய்.

கிளம்பும்போது நோட்டை அப்பாவிடமே கொடுத்து, "நீங்களே எழுதுங்க ஐயா" என்றார். அப்பா தேதி போட்டு, 14, 13 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். ஜூலைக்கு ஒரு வரி காலியாக விட்டிருக்கிறார்.