பீரா, பிராந்தியா? தொப்பையைக் கேட்டால் தெரியும்

சித்திரை பிறந்தால் வேலூரில் எங்கள் கூட்டத்துக்குள் இந்தப் பஞ்சாயத்து தொடங்கிவிடும். "இந்த வெயிலுக்கு பீர்தான் மச்சான், குளிர்ச்சி" என்பான் ஒருவன். "பீர் தொப்பை போடும்டா, பிராந்திதான் சேஃப்" என்பான் இன்னொருவன். சரி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

வீரியம்
பீர்: 650 மில்லி பாட்டில், 5 சதவீதம் என்றால் ஆல்கஹால் சுமார் 32 மில்லி.
பிராந்தி: 180 மில்லி குவார்ட்டர், 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் 77 மில்லி!

தொப்பை
பீர்: ஏறக்குறைய 270 கலோரி.
பிராந்தி: 420க்கு மேல். தொப்பைக்குப் பயந்து கட்சி மாறியவன் இங்கேதான் கவிழ்ந்தான். தொட்டுக்கொள்ளும் சில்லி சிக்கனும், அப்புறம் நடுராத்திரி பிரியாணியும் இதில் சேரவில்லை.

குளிர்ச்சி
இரண்டுமே பொய். உடம்பில் தண்ணீரைத் தக்கவைக்கும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடும். அதனால்தான் சுவரோரம் அத்தனை நடை. காலையில் நாக்கு பாலாற்று மணல் மாதிரி வறண்டிருக்கும்.

முகம்
பீர்: மறுநாள் பூரி மாதிரி உப்பல்.
பிராந்தி: அன்றைக்கே சிவப்பு. தோலடி ரத்தக்குழாய்கள் விரிவதைத்தான் நம்மாள் "களை வந்திருக்கு" என்கிறான்.

ஒரு பாட்டிலோடு எழுந்து போகிறவனுக்கு பீர். முப்பது மில்லி அளந்து ஊற்றி, மூடியைத் திருகி வைக்கத் தெரிந்தவனுக்கு பிராந்தி. அப்படி ஒருவனை எங்கள் கூட்டத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை. வெயில்தான் பிரச்சினை என்றால் நுங்கு இருக்கிறது. மறுநாள் பெண் பார்க்கப் போகிறவனுக்கு பன்னீர் சோடா.